ஒட்டாமல் ஒட்டிய பலகை

சாப்பாட்டு மேசையின் விளிம்பைக் கணவர் சபாபதிதான் பிய்க்கிறார் என்று தங்கம்மாள் கண்டுபிடித்தபோது ஒரு முழம் போயிருந்தது. மகன் வாங்கிக் கொடுத்த மேசை. உள்ளே பிளைவுட், மேலே காகிதம்போல் சீவி ஒட்டிய தேக்கு. கடைக்காரர்கள் வினீர் என்பார்கள். ஈரத்துணி படக்கூடாது, சூடான குண்டானை வைக்கக்கூடாது என்று அவள் கண்ணுக்குள் வைத்துக் காத்தது. மறதி நோயில் நினைவு தப்பிப்போன மனிதரைத் திட்டி என்ன பயன்? ஆனாலும் திட்டினாள். பிறகு சமையலறைக்குள் போய் அழுதாள்.

கடலூர் முதுநகரிலிருந்து தச்சர் நாசர் வந்தார். அவர்கள் குடியிருந்த செம்மண்டலத்தில் பல வீட்டு அலமாரிகள் அவர் கை பட்டவை. தூக்கிக்கொண்டிருந்த வினீருக்கு அடியில் பசையைச் செலுத்தி, மேலே துணி போட்டு இஸ்திரிப் பெட்டியால் அழுத்தினார். பிய்ந்துபோன இடத்துக்கு அதே ரேகை ஓடுகிற துண்டைத் தேடி ஒட்டிப் பாலிஷ் போட்டார். ஒட்டுப்போட்ட இடமே தெரியவில்லை. ஆனால் அடுத்த வாரமே சபாபதியின் நகம் இன்னொரு மூலையைக் கண்டுபிடித்துவிட்டது.

மறுபடி வந்த நாசர் சுற்றிலும் பீடிங் என்கிற மெல்லிய தேக்குச் சட்டம் அடித்து விளிம்பை மூடினார். இனி நகம் நுழையாது என்றார். நுழையவில்லைதான். சபாபதி காலையில் வந்து உட்கார்ந்து விளிம்பைத் தடவித் தடவிப் பார்த்தார். மத்தியானம் சோற்றைத் தொடவில்லை. சாயங்காலம் வாசல் கேட்டைப் பிடித்து உலுக்கினார். மறுநாளும் அப்படியே. தங்கம்மாள் பழைய செய்தித்தாளைக் கொடுத்துப் பார்த்தாள். ஒருமுறை கிழித்துவிட்டுக் கீழே போட்டார்.

மேசை போனால் போகிறது, மனுஷர் சாப்பிட்டால் போதும் என்று அவள் நாசரைத் திரும்பக் கூப்பிட்டு, பீடிங்கைக் கழற்றிவிடச் சொன்னாள். அவர் ஒரு பக்கத்தை நெம்பி எடுத்ததுதான் தாமதம், சபாபதி குனிந்து நகத்தை விட்டு ஒரே இழுப்பில் ஒரு கீற்றை உரித்தார். அதை நாசரிடம் நீட்டினார்.

"எங்க எறங்கணும்?"

தங்கம்மாளுக்கு அப்போதுதான் உறைத்தது. கடலூர்–சிதம்பரம் தடத்தில் ஆயுசில் பாதியைக் கண்டக்டராக ஓட்டிய மனிதர். கூடவே இருந்தும், அவர் டிக்கெட் கிழிக்கிறார் என்று அவளுக்குத் தோன்றவேயில்லை.

"சிதம்பரம்" என்று சொல்லிக் கீற்றை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார் நாசர். பிறகு அவள் பக்கம் திரும்பினார். "பீடிங் இருக்கட்டும்மா. அவுருக்கு வேற பலகை செஞ்சு எடுத்தாறன்."

"அதையும் பிச்சிடுவாரே தம்பி."

"பிய்க்கட்டும்னுதாம்மா செய்யறன்."

அது லேசான வேலையாக இல்லை. அவர் பிழைப்பே பிரியாமல் ஒட்டுவது. முதல் பலகையில் பசை கெட்டியாகி சபாபதியின் நகக்கண்ணில் ரத்தம் வந்துவிட்டது. இரண்டாவதில் கை வைத்ததும் மொத்தமாக உதிர்ந்தது. அதைச் சபாபதி ஏறிட்டும் பார்க்கவில்லை. இழுத்தால் சற்று முரண்டு பிடித்துப் பிறகு வரவேண்டும் போலிருக்கிறது. கடைசியில் மைதாவைத் தண்ணீராகக் காய்ச்சி ஒட்டியது சரியாக வந்தது. விரலில் சிலாம்பு ஏறாமலிருக்க வினீரை உப்புத்தாளால் தேய்த்துக் கொடுத்தார் நாசர். பட்டறையில் மிஞ்சுகிற துண்டுகளைக் கட்டி எடுத்துவந்து போட்டார். பசை காய்ச்சி ஒட்டத் தங்கம்மாள் பழகிக்கொண்டாள்.

சபாபதி சாப்பிட ஆரம்பித்தார். பால்காரருக்கும் பக்கத்து வீட்டு இளவரசிக்கும் கீற்று கிடைத்தது. தங்கம்மாளுக்கு மட்டும் அவர் கொடுக்கவில்லை. அது அவளுக்குக் கொஞ்சம் உறுத்தலாகத்தான் இருந்தது.

மழை பிடித்துக்கொண்ட ஒரு மத்தியானம், சோற்றுத் தட்டோடு அவர் பக்கத்தில் போய் நின்றாள். அவர் நிமிர்ந்து, யாரோ பயணியைப் பார்ப்பதுபோல் அவளைப் பார்த்தார். ஒரு கீற்றை உரித்து நீட்டினார். எங்கே என்று கேட்கவில்லை.

"உள்ள போயி உக்காரும்மா, எடம் கெடக்கு" என்றார்.

தங்கம்மாள் நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.