வின்யோன் கறை

இடலினா ஜாடியைச் சாய்ப்பதற்குள் அபீலியோ மாமா கண்ணாடி டம்ளரைத் தள்ளிவைத்தார். "இதெல்லாம் டூரிஸ்டுக்கு. வெள்ளைக் கிண்ணத்த எடு பாப்பா. படிச்ச ஒயின் ஒட்டுதான்னு பாப்போம்."

மதுக்கடையே சிரித்தது. புனித மார்ட்டின் திருநாள், புது ஒயின் திறக்கும் நாள். போர்ச்சுகலின் மின்யோ பக்கம் வின்யோன் திராட்சை வைத்திருக்கும் எவரும் இன்று ஊர் முன்னால் கிண்ணத்தை நீட்டியாகவேண்டும். சுழற்றினால் பீங்கானில் ஊதா ஏறி நிற்கவேண்டும். நின்றால் ஒயின், வழிந்து வெளுத்தால் கழுநீர். இடலினா வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் என்பதெல்லாம் இங்கே செல்லாது.

அவள் சாற்றைத் தோலோடு ஊறவிட்டது இரண்டே நாள். ஊர் வழக்கம் ஐந்து. தோலிலிருந்து இறங்கி நாக்கை அறுக்கும் அந்தத் துவர்ப்பை வீரம் என்று சொல்லிக்கொண்டு குடிப்பவர்கள் மேல் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே ஆத்திரம். மற்ற திராட்சைக்குத் தோலில்தான் நிறம். இதற்குச் சதையே சிவப்பு. அப்புறம் எதற்கு ஐந்து நாள்? கேட்டதற்கு அம்மா கசில்டா, "ஊர் முன்னாடி கிண்ணம் கறையாகலன்னா அடுத்த வருஷம் பழம் மொத்தமும் கூட்டுறவு ஆலைக்கு. நீ பழையபடி ப்ராகாவுக்கே வேலைக்குப் போயிடு," என்றாள். ப்ராகா நகரத்து சூப்பர்மார்க்கெட்டில் எட்டு மாதம் பில் போட்ட அந்த 'பீப்' சத்தம் இன்னும் காதை விட்டுப் போகவில்லை.

ஊற்றினாள். மாமா சுழற்றினார். உள்ளே ஒரு பார்வை பார்த்தார். உடனே கிண்ணத்தை இரண்டு கையாலும் நெஞ்சோடு பொத்திக்கொண்டார். ஒரு வாய் குடித்தார், இன்னொரு வாய், அப்புறம் அண்ணாந்து முழுவதும்.

"வெளுப்பு," என்றார். "தண்ணி மாதிரி இறங்குது. காலேஜ் சரக்கு."

அவர் பல், உதடு, நரைமீசை எல்லாம் நல்ல கத்தரிக்காய் நிறம்.

"பொய் சொல்றதுன்னா வாய மூடிட்டுச் சொல்லுங்க மாமா," என்றாள் இடலினா.

கடை அதிர்ந்தது. ஒருத்தர் மேசையை அறைந்ததில் வாட்டிய செஸ்ட்நட் கொட்டைகள் தரையில் உருண்டன. மாமாவும் சிரித்தார், சிரிக்கச் சிரிக்க இன்னும் ஊதா தெரிந்தது. "சரி சரி, இன்னொண்ணு ஊத்து. முதல் கிண்ணத்துல சரியாப் பிடிபடல."

"உனக்குப் போதும்டா," என்று, அதுவரை ஓரமாக நின்றிருந்த அம்மா தன் தம்பி கையிலிருந்து கிண்ணத்தைப் பிடுங்கினாள். குழாயில் கழுவினாள். கட்டைவிரலால் தேய்த்தாள், தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள், மறுபடி தேய்த்தாள். உள்ளே ரோஜா நிறத்தில் ஒரு வளையம் போகாமல் நின்றது. ஈரம்கூடத் துடைக்காமல் கிண்ணத்தை மகள் கையிலிருந்த ஜாடிக்கு நேராக நீட்டினாள்.