டிக்கெட் இல்லாத ஆடு

சனிக்கிழமைகளில் நூலகத்தின் மாடியில் நடக்கும் வகுப்புக்கு வருகிற பிள்ளைகள் எல்லோரும் அவளை மிஸ் என்றுதான் கூப்பிட்டார்கள். மற்ற நாட்களில் அவள் ஒரு கேம் கம்பெனியில் புரோகிராமர். அங்கே எந்த மேசையை எட்டிப் பார்த்தாலும் ஒரே மாதிரி வீட்டிலிருந்து, ஒரே மாதிரி கல்லூரியிலிருந்து வந்த ஆண்கள்தான். வீட்டில் கம்ப்யூட்டரே இல்லாத பிள்ளைகளும், இந்தப் பக்கமே எட்டிப் பார்க்காத பெண்பிள்ளைகளும் கேம் செய்யக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று மேனேஜரை நச்சரித்து, கம்பெனி கழித்துப்போட்ட மெஷின்களை வாங்கி, நூலகரிடம் கெஞ்சிக் கூத்தாடி இடம் பிடித்து, அந்த வகுப்பைத் தொடங்கியவளே அவள்தான்.

அந்த வகுப்புக்கு அக்காவும் தங்கையுமாக இரண்டு பேர் வந்தார்கள். சின்னவளுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள், வகுப்பில் இடம் கிடைத்தது அவளுக்குத்தான். பெரியவள் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுத் துணிக்கடையில் நிற்பவள். மாணவர்களுக்கு மட்டும்தான் அனுமதி என்பதால், தங்கைக்குத் துணை என்ற பெயரில் உள்ளே வந்தாள்.

முதல் வகுப்பில் மிஸ் கற்றுத்தந்த முறை, திரையில் இருக்கும் கலர் கலரான கட்டளைக் கட்டங்களை மவுசால் இழுத்து ஒன்றோடு ஒன்று பொருத்துவது. மற்ற பிள்ளைகள் கொஞ்ச நேரத்திலேயே திரையில் ஒரு பூனையை நடக்கவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். சின்னவள் கையைத் தூக்கினாள்.

"மிஸ், இதை டைப் பண்ணிச் செய்ய முடியாதா? எழுத்தா இருந்தா மெஷின் எனக்குப் படிச்சுக் காட்டிரும். ஸ்கூல்ல அப்படித்தான் செய்றேன்."

முடியும். மிஸ் வேலையில் நாள் முழுக்கச் செய்வதே அதுதான். ஆனால் பாடமெல்லாம் கட்டங்களை வைத்துத் தயாராகிவிட்டது. ஒருத்திக்காக எல்லாவற்றையும் திரும்ப எழுத வேண்டும். கம்பெனியிலோ தலைக்குமேல் வேலை.

"இந்தக் கிளாஸுக்கு அது ஒத்துவராதும்மா" என்றாள். "அக்காதான் பக்கத்துலயே இருக்காளே. நீ சொல்லு, அவ செய்யட்டும்."

சின்னவள் சரி என்று தலையாட்டினாள். மிஸ் அடுத்த மேசைக்கு நகர்ந்தாள். மனசு லேசாகக் குறுகுறுத்தது. பிறகு அதுவும் அடங்கிவிட்டது.

சின்னவளுக்கு ஏற்றது சத்தத்தை வைத்து விளையாடும் கேம்தான் என்று மிஸ் நினைத்தாள். இருட்டு வீடு, தண்ணீர் சொட்டும் ஓசை என்று எதையெதையோ சொல்லிப் பார்த்தாள். சின்னவள் மசியவில்லை.

"எனக்கு ஆடு வேணும் மிஸ். அது டிக்கெட் வாங்காம பஸ்ல ஏறிருச்சு. கண்டக்டர் தேடிட்டு வராரு. அது ஒவ்வொரு சீட்டுக்கு அடியிலயும் ஒளியணும்."

"உக்காந்திருக்கிறவங்க காட்டிக்கொடுக்க மாட்டாங்களா?"

"அதுதானே விளையாட்டே. காய்கறிக்கூடை வச்சிருக்கிற அம்மா காட்டிக்கொடுத்துருவாங்க. தூங்குறவர் ஒண்ணும் பண்ண மாட்டார், ஆனா குறட்டை நின்னுச்சுன்னா ஆடு ஓடிரணும். டிக்கெட் எடுக்காத இன்னொருத்தன் இருக்கான். அவன் மட்டும் ஆட்டுக்கு உதவி செய்வான்."

விதி எல்லாம் சின்னவளுடையது. பெரியவள் மவுசை இழுத்தாள், படம் வரைந்தாள். ஆடு பார்ப்பதற்கு நாய் மாதிரி இருந்தது என்று மற்ற பிள்ளைகள் கிண்டல் செய்தார்கள். ஆனால் விளையாட ஆரம்பித்துவிட்டால் ஒருவரும் அந்த மேசையை விட்டு நகரவில்லை.

வகுப்பு முடியச் சில வாரங்கள் இருக்கும்போது பிள்ளைகள் செய்ததையெல்லாம் பார்வைக்கு வைத்தார்கள். கம்பெனி மேனேஜர் வந்தார். ஆட்டு விளையாட்டின் முன் உட்கார்ந்தவர், கண்டக்டரிடம் மாட்டி மாட்டிச் சிரித்தார்.

"யாரு செஞ்சது இது?" என்று மிஸ்ஸிடம் கேட்டார்.

இரண்டு பேரும் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால் அடுத்த கேள்வி நிச்சயம்: கண் தெரியாத பிள்ளைக்கு எப்படிச் சொல்லிக்கொடுத்தீர்கள்? அதற்கு அவளிடம் பதில் இல்லை. கை தானாக நீண்டு பெரியவளைக் காட்டியது.

"இவதான் சார்."

பெரியவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் மேனேஜர் அவள் கையைப் பிடித்துக் குலுக்கி, கம்பெனி நடத்தும் பயிற்சிப் பள்ளியில் இந்த வருஷம் ஒரே ஒரு இடம் இருக்கிறது, அது உனக்குத்தான் என்று சொல்லிவிட்டார். எல்லோரும் கைதட்டினார்கள். சின்னவளும் தட்டினாள். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் தட்டிக்கொண்டிருந்தாள்.

அடுத்த வகுப்புக்குப் பெரியவள் மட்டும் வந்தாள். மெஷினைப் போட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

"தங்கச்சி எங்கே?"

"வரமாட்டேங்குறா மிஸ். கேட்டா தூக்கம் வருதுங்குறா." பெரியவள் நகத்தைக் கடித்தாள். "எனக்கு ஒண்ணும் ஓடல. அடுத்து என்ன வைக்கணும்னு அவதான் சொல்லுவா. அங்க போய் நான் தனியா என்ன பண்ணப்போறேன்?"

அன்று வகுப்பு முடிந்ததும் மிஸ் பெரியவளோடு அவர்கள் வீட்டுக்குப் போனாள். அடுக்குமாடிக் குடியிருப்பில், லிஃப்ட் வேலை செய்யாத கட்டடம். முன்னறையில் பாதியைத் தையல் மெஷின் அடைத்திருந்தது. அம்மா பள்ளிச் சீருடைகளுக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தாள். மிஸ்ஸைப் பார்த்ததும் பதறி எழுந்து நாற்காலி மேல் கிடந்த துணியை அள்ளினாள்.

"உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலங்க. கடையில காலம் பூரா நிக்கப்போறான்னு இருந்தேன், பெரியவளுக்கு ஒரு வழி காட்டிட்டீங்க. சின்னதையும் ஒதுக்காம கூட உக்கார வச்சிருந்தீங்க. அதுவே பெரிய மனசு."

மிஸ்ஸுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். கொடுத்த தண்ணீரைக் குடிக்க முடியாமல் கையிலேயே வைத்திருந்தாள்.

சின்னவள் உள்ளறைக் கட்டிலில், தைத்து முடித்த சட்டைகளுக்குப் பட்டன் போட்டு மடித்துக்கொண்டிருந்தாள். மிஸ் அருகில் உட்கார்ந்தாள்.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். டைப் பண்ணிச் செய்யலாம்மா. நீ கேட்ட அன்னிக்கே எனக்குத் தெரியும். பாடத்தைத் திரும்ப எழுதணுமேன்னு மழுப்பிட்டேன். அன்னிக்கு மேனேஜர் கேட்டப்பவும் உன் பேரை முழுங்கிட்டேன். தப்பு என்மேலதான்."

சின்னவளின் கை நிற்கவில்லை. ஒரு சட்டையை முடித்து அடுத்ததை எடுத்தாள்.

"டைப் பண்ணலாம்னு எனக்கும் தெரியும் மிஸ். ஸ்கூல்ல சாரைக் கேட்டேன். அவர் அதுக்கு ஒரு சாஃப்ட்வேர் போட்டுக்கொடுத்தார். செஞ்சு பார்த்தேன், நடந்துச்சு."

"அப்புறம் ஏன் எங்கிட்ட சொல்லல?"

"அக்கா எனக்குத் துணைன்னுதானே உள்ள வந்தா. நானே தனியா செய்றேன்னு சொன்னா, அப்போ நீ கிளம்புன்னு அவளை அனுப்பிருவீங்கல்ல?"

அனுப்பியிருக்க மாட்டேன் என்று சொல்லலாம். அது உண்மையா என்று மிஸ்ஸுக்கே நிச்சயமில்லை. கதவருகே நின்ற பெரியவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ஆனா என் பேரைச் சொல்லாதது வேற" என்றாள் சின்னவள். "அது கஷ்டமா இருந்துச்சு."

திங்கட்கிழமை மிஸ் மேனேஜரின் அறைக்குப் போய் நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டார்.

"இடம் ஒண்ணுதான். பெரியவளுக்குன்னு சொல்லியாச்சு, இருக்கட்டும். ரெண்டு பேர் பேரும் கேம்ல வரட்டும். இதுக்குப் போய் இவ்வளவு மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க."

அவ்வளவுதான். சின்னவளையும் அங்கே சேர்க்க முடியுமா என்று மிஸ் பயிற்சிப் பள்ளிக்கும் நடையாக நடந்தாள். அவர்களிடமிருந்த பாடம் முழுவதும் மவுசை இழுக்கிற பாடம். பார்வையில்லாதவர்களுக்கு இன்னும் யோசிக்கவில்லை என்றார்கள். தான் சொன்ன அதே பதிலை இன்னொரு வாயிலிருந்து, இன்னும் மரியாதையாகக் கேட்டபோது அவளுக்கு அவர்கள்மேல் கோபப்படக்கூட யோக்கியதை இல்லாமல் போயிற்று.

பெரியவள் தயங்கித் தயங்கித்தான் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தாள். விட்டுக்கொடுத்துவிடுகிறேன் என்று ஒருநாள் சொன்னதற்குச் சின்னவள், "நீ விட்டா அது எனக்கா வரப்போகுது? போய்ப் படம் வரையக் கத்துக்கோ. உன் ஆடு நாய் மாதிரி இருக்காமே" என்றாளாம்.

மிஸ் பாடங்களை முதலிலிருந்து எழுதினாள். யாருக்கும் தனி வழி என்றில்லாமல் எல்லோரும் டைப் செய்கிற மாதிரி. அது எல்லோருக்கும் பிடித்துவிடவில்லை. கட்டங்களில் ஓடிக்கொண்டிருந்த பிள்ளைகள் எழுத்தில் திணறினார்கள். சரியாக வாசிக்கத் தெரியாத ஒருத்தி வகுப்புக்கு வருவதையே நிறுத்திவிட்டாள். மிஸ் அவளைத் தேடிப்போய்க் கூட்டிவந்து, இரண்டு முறையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். முதலிலேயே செய்திருக்க வேண்டியது இது என்று தெரிந்தபோது வெட்கமாக இருந்தது.

புதிய வகுப்பில் சின்னவள் சேர்ந்தாள். யாரும் துணைக்கு வரவில்லை. காதில் ஒரு பக்கம் மட்டும் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு, மெஷின் கடகடவென்று படிப்பதைக் கேட்டுத் தட்டினாள். மிஸ்ஸிடம் மரியாதையாகப் பேசினாள். முன்புபோல் வளவளவென்று பேசவில்லை.

ஒருநாள் அவள் எழுதியது ஓடாமல் நின்றது. எந்த வரியில் தப்பு என்று பார்த்தவுடனேயே மிஸ்ஸுக்குத் தெரிந்துவிட்டது. கை கீபோர்டுக்குப் போனது.

"கையை எடுங்க மிஸ்" என்றாள் சின்னவள். குரலில் கோபமில்லை.

மிஸ் கையை எடுத்துக்கொண்டாள். சொல்லிவிடலாமா என்று துடித்த வாயையும் மூடிக்கொண்டாள். சின்னவள் ஒவ்வொரு வரியாகத் திரும்பக் கேட்டாள், தப்பான இடத்தைத் தாண்டிப் போனாள், திரும்பி வந்தாள். மற்ற பிள்ளைகள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பத் தொடங்கினார்கள். நூலகர் கதவைச் சாத்தச் சாவியோடு வந்து நின்றார். இன்னும் கொஞ்ச நேரம் என்று மிஸ் அவரிடம் கையால் ஜாடை காட்டிவிட்டு, அந்தப் பெண்ணின் பக்கத்திலேயே பேசாமல் உட்கார்ந்திருந்தாள்.