கட்டைவிரல் லீவர்

பின் அச்சின் நட்டு அசைவதாக இல்லை. நேற்றே மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்தாயிற்று, காலையில் சூடும் காட்டியாயிற்று. இப்போது மெக்கானிக் ஸ்பேனரின் வாலில் இரும்புக் குழாயைச் சொருகி முழு உடம்பையும் அதன்மேல் சாய்த்துக்கொண்டிருந்தான். நட்டு அவனைச் சட்டை செய்யவில்லை. இந்த வேலையை ஏன்தான் எடுத்தோம் என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தான்.

மூன்று சக்கர வண்டிதான், ஆனால் சவாரி ஏற்றுகிற வண்டி இல்லை. சேற்றிலும் மேடு பள்ளத்திலும் ஓட்டுவதற்கென்றே செய்தது. பலூன் மாதிரி உப்பிய டயர்கள், முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு. மோட்டார் சைக்கிள் ஹேண்டில், ஒற்றை சீட். குலுக்கலைத் தாங்க அந்த டயரை விட்டால் வேறு கதி கிடையாது.

கொண்டுவந்து போட்டவர் தோட்டத்து முதலாளியின் மகன். ஐம்பது தாண்டி, தலைக்கு மை போட ஆரம்பித்த பிறகும் ஊருக்கு அவர் சின்னவர்தான். அப்பா போன பிறகு கொட்டகையைக் காலி செய்தபோது இது கிடைத்ததாம். பழைய வண்டிகள் கண்காட்சியில் வைக்க வேண்டும். அந்தக் காலத்தில் தோட்டத்தில் இப்படி இரண்டு வண்டிகள் இருந்தன. முதலில் வந்ததுதான் அபூர்வமான ரகம், அதற்குத்தான் மதிப்பு. இது எதுவென்று கண்டுபிடித்துச் சொல்லச் சொன்னார். நம்பரைத் துரு தின்றுவிட்டிருந்தது.

முதல் வண்டியை மெக்கானிக்குக் கேள்வியில் நன்றாகத் தெரியும். அவனுடைய அண்ணன் ஓட்டியது அதைத்தான். பூச்சிமருந்து டேங்கைக் கட்டிக்கொண்டு சரிவில் இறங்கும்போது வண்டி அடங்கவில்லை, காலை ஊன்றிப் பார்த்தேன், பின்சக்கரம் காலை உள்ளே இழுத்துவிட்டது என்று அண்ணன் சொன்னார். குடித்துவிட்டு ஓட்டினான் என்று தோட்டத்தில் சொன்னார்கள். இடது கால் போனது, வேலை போனது, நஷ்டஈடு என்ற பேச்சே எழவில்லை. டீயைத் தவிர எதையும் வாயில் வைக்காத மனிதருக்கு ஊர் வைத்த பேர் தண்ணிவண்டி. உட்கார்ந்து செய்கிற வேலையாவது கிடைக்குமா என்று அவர் போன இடத்திலெல்லாம், அந்தப் பேர் அவருக்கு முன்னாலேயே போய் உட்கார்ந்திருந்தது.

நட்டை விட்டுவிட்டு மெக்கானிக் ஹேண்டில் பக்கம் போனான். இதில் ஆக்சிலேட்டர் என்பது வலது கட்டைவிரலால் தள்ளுகிற சின்ன லீவர். விரலை எடுத்தால் அது தானாகத் திரும்ப வேண்டும், வண்டி அடங்க வேண்டும். அதற்கு உள்ளே ஒரு ஸ்பிரிங் இருக்கும். மூடியைக் கழற்றினான். ஸ்பிரிங் இல்லை. அந்த இடத்தில், சைக்கிள் டியூபில் வெட்டிய ரப்பர் பட்டை ஒன்று கறுத்து இறுகி, நடுவில் அறுந்து கிடந்தது.

முடிச்சுப் போடாமல், ஒரு முனையைக் கீறி மறுமுனையை அதற்குள் நுழைத்து இழுத்திருந்தது. வீட்டில் வாளிக் கைப்பிடி, ஜன்னல் கொக்கி, குடைக் கம்பி எல்லாவற்றிலும் அண்ணன் போடுவது இந்தக் கட்டுதான். பிரிக்கவே வரமாட்டேன் என்கிறதே என்று அண்ணி தினமும் புலம்புகிற கட்டு. மெக்கானிக்கு அழுகை வந்தது, கூடவே கோபமும் வந்தது.

சாயங்காலம் வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டினான். அண்ணன் அதைக் கையில் வாங்கவில்லை.

"ஸ்பிரிங் போயிடுச்சுன்னு சொல்லிச் சொல்லி வாய் வலிச்சதுதான் மிச்சம். டவுன்ல இருந்து வரும், அதுவரைக்கும் ஒப்பேத்துன்னாங்க. ஒப்பேத்தினேன்."

அண்ணி அடுப்பங்கரை வாசலிலேயே நின்றார். "சின்னவர்கிட்ட இதக் காட்டுங்க தம்பி. அன்னைக்கு இந்த மனுஷன் குடிக்கலன்னு நாலு பேர் முன்னாடி சொல்லட்டும். வேற ஒண்ணும் வேணாம்."

சின்னவர் பட்டறைக்கு வந்தபோது மெக்கானிக் ரப்பரைத் துணியில் வைத்து நீட்டி, எல்லாவற்றையும் சொன்னான். அவர் முகம் மலர்ந்தது.

"அப்போ இதுதான் முதல் வண்டி. நிச்சயம்தானே?"

நிச்சயம்தான் என்று சொல்லிவிட்டு, ஸ்பிரிங் கதையை மறுபடி முதலிலிருந்து சொன்னான். அவர் கொஞ்சம் தயங்கினார். தான் அப்போது ஹாஸ்டலில் இருந்ததாகவும், அப்பா காலத்துச் சமாசாரம் தனக்கு என்ன தெரியும் என்றும் சொன்னார். பிறகு, "உங்க அண்ணனைக் கண்காட்சிக்குக் கூட்டிட்டு வாங்க. எல்லார் முன்னாடியும் சொல்லிடலாம்" என்றார். ரப்பரைத் தூக்கிப் போட்டுவிட்டு அந்த இடத்தில் ஒரிஜினலையே போடச் சொன்னார்.

அன்றைக்கு டவுனிலிருந்து வராத ஸ்பிரிங், இப்போது வெளிநாட்டிலிருந்து ஒரே வாரத்தில் வந்து சேர்ந்தது. விரல் நுனியில் அடங்கும் அளவுதான். மெக்கானிக் அதைக் கிரீஸ் தடவிப் பொருத்தினான். துருவைச் சுரண்டி, பெட்ரோல் டேங்கின் நசுங்கலைத் தட்டி எடுத்து, பழைய சிவப்பையே பூசினான். நட்டும் ஒருவழியாக மனம் இரங்கியது.

கண்காட்சிக்கு அண்ணன் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். ரப்பர் பட்டை காகிதத்தில் மடித்து அவர் சட்டைப் பையில் இருந்தது. சின்னவர் மைக்கைப் பிடித்தார். அப்பா ஆசைப்பட்டு வாங்கிய வண்டி என்றார். முதலில் ஓட்டியவர் இதோ இவர்தான், எங்கள் குடும்பத்தில் ஒருவர் மாதிரி என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். மைக் பக்கத்து ஜீப்புக்குப் போனது.

அண்ணன் கையைச் சட்டைப் பையிலிருந்து எடுக்கவில்லை.

"ஏன்டா, இன்னும் பேசுவாரா?"

அதற்குள் போட்டோக்காரர் வந்து, ஐயா ஏறி உட்காரட்டும் என்றார். இரண்டு பேர் தாங்கி சீட்டில் ஏற்றினார்கள். ஊன்றுகோலை ஒருவர் வாங்கி ஜீப்புக்குப் பின்னால் சாத்தினார். இடது பக்கம் தெரியக் கூடாதென்று வண்டியைக் கொஞ்சம் திருப்பி நிறுத்தினார்கள். சின்னவர் வந்து அண்ணனின் தோளில் கை போட்டுக்கொண்டார்.

அண்ணனின் கட்டைவிரல் தானாக லீவருக்குப் போனது. தள்ளிவிட்டு விரலை எடுத்தார். லீவர் டக்கென்று திரும்பியது. மறுபடி தள்ளினார். மறுபடி திரும்பியது.

"ஐயா, கையை அசைக்காதீங்க" என்றார் போட்டோக்காரர்.