காற்றுக்கு ஒரு கட்டம்

பருத்திப்பட்டில் தனியாக வாடகைக்கு இருந்த அகல்யா சைக்கிளில் ஏறினால், அவளுக்கு மட்டும் எதிர்க்காற்று அடித்தது. தென்காசியிலிருந்து ஐடி வேலைக்கு வந்த முதல் வாரத்திலேயே இது ஆரம்பித்துவிட்டது. சாலையோரத்து வேப்பிலை அசையாது, அவள் சட்டை மட்டும் முதுகுப்பக்கம் படபடக்கும். கூட ஓட்டியவர்கள்மீதும் அந்தக் காற்று கொஞ்சம் அடித்ததால், ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, சும்மா மூச்சிரைக்க யாருக்குப் பிடிக்கும்? ஏரிக்கரைத் தெரு அங்கம்மா மட்டும், அந்தக் காற்றில் காயவைக்க ஈரத்துணியை வைத்துக்கொண்டு அவளுக்காகக் காத்திருப்பாள். "இன்னாம்மா, இன்னிக்கு இம்மா நேரம்? போர்வ ஈரமாவே கீது, ரெண்டு சுத்து சுத்திட்டுப் போ" என்பாள். சில வாரம் முழுக்க அகல்யாவோடு வேறு யாரும் பேசியிருக்க மாட்டார்கள்.

வருடாவருடம் ஜனவரியில் வெளிவட்டச் சாலையில் சைக்கிள் சங்கம் மாநில அணிக்குத் தேர்வு நடத்தும். நிமிடத்துக்கு ஒருவராகக் கிளப்பிவிடுவார்கள். பத்து கிலோமீட்டர் போய்த் திரும்ப வேண்டும், முப்பத்து மூன்று நிமிடத்துக்குள் வந்தால் இடம். காற்றுக்குச் சலுகை கிடையாது. போகும்போது எதிர்த்தால் வரும்போது தள்ளிவிடும், இரண்டும் சரியாகிவிடும் என்பது சங்கத்தின் நியாயம். நல்ல நியாயம்தான். ஆனால் அகல்யாவின் காற்று அவளோடு சேர்ந்து திரும்பியது. ஏழு தடவை தோற்றாள். "எனக்கு எதிர்க்காத்து சார்" என்றபோதெல்லாம் சிரித்தார்கள், தோற்ற எல்லாரும் சொல்வதுதானே அது. தோல்வியைவிட அந்தச் சிரிப்புதான் அவளுக்கு வலித்தது.

எட்டாவது தடவைதான் கடைசி, அதற்குமேல் வயது வரம்பு விடாது. அன்று நேரம் குறித்தவர் நடேசன், ஆவடித் தொழிற்சாலையில் ஓய்வு பெற்றவர், அரை விநாடிகூட விட்டுக்கொடுக்காதவர். அகல்யா கோட்டைத் தாண்டியபோது அவர் தொப்பி பறந்து சாக்கடை வரை போனது. பக்கத்தில் கட்டியிருந்த சங்கக் கொடி தொங்கியபடியே இருந்தது. நான்கு விநாடி தாமதம்.

"நேரத்தைக் குறைக்க வேண்டாம் சார். காத்து இருந்துச்சுன்னு மட்டும் எழுதுங்க" என்றாள்.

"அதுக்குத் தாள்ல கட்டமே இல்லியேம்மா" என்றார் நடேசன். போய்த் தொப்பியை எடுத்துவந்தார். பிறகு ஸ்கேலை வைத்துத் தாளின் ஓரத்தில் ஒரு கோடு போட்டு, மேலே 'காற்று' என்று தலைப்பிட்டார். நாற்பத்தொரு பேருக்கு 'இல்லை' என்றும் அகல்யாவுக்கு 'உண்டு' என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். நேரத்தில் கைவைக்கவில்லை. மாநில அணிக்கு வேறு பெண் போனாள். சங்கம் அந்தக் கட்டத்தை இன்றும் விடாமல் நிரப்புகிறது, எல்லாருக்கும் 'இல்லை' என்று.

அகல்யா அந்தத் தாளைப் பார்த்து அங்கேயே அழுதாள். பிறகு எதிர்க்காற்றில் வீட்டுக்கு ஓட்டினாள். தெருமுனையில் அங்கம்மா இரண்டு போர்வையோடு நின்றிருந்தாள்.

"காத்து இருந்துச்சுன்னு எழுதிட்டாங்கக்கா."

"அத்த எய்துனாத்தான் தெரியுமா?" என்றபடி அங்கம்மா முதல் போர்வையைக் கொடியில் விரித்தாள். அகல்யா இரண்டு சுற்று சுற்றிவிட்டுப் போனாள்.