நான்காம் கதிரை

தராசில் ஏறுமுன் நப்லா செருப்பைக் கழற்றினாள். கைப்பையை மேசையில் வைத்தாள். மூச்சைப் பிடிக்கவில்லை. மூச்சைப் பிடித்தால் எடை குறையும் என்று நம்புகிறவர்கள் அந்த டயலிசிஸ் பிரிவில் இருந்தார்கள். அவளுக்கு அது தேவைப்பட்டதில்லை. வியாழக்கிழமை இயந்திரம் அவளை நாற்பத்தாறு கிலோவில் வீட்டுக்கு அனுப்பியது. திங்கட்கிழமை காலை நாற்பத்தேழு தசம் இரண்டில் வந்து நிற்கிறாள். சிறுநீரகம் வெளியேற்றாத நான்கு நாள் தண்ணீர், எப்போதும் போல ஒரு கிலோ இருநூறு கிராம். எல்லோரும் மிஸ் என்று அழைக்கும் தாதி அதைச் சிங்களத்தில் உரக்கச் சொல்லி எழுதினார். பின்னால் நின்ற முதியவர்கள், வகுப்பில் முதலாம் பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். நப்லா தலையை நிமிர்த்திக்கொண்டு நான்காம் கதிரைக்குப் போனாள்.

அங்கே வருகிறவர்களில் அவள்தான் இளையவள். இருபத்து மூன்று வயது. மற்றவர்கள் பேரப்பிள்ளைகளைப் பற்றியும் மூட்டு வலியைப் பற்றியும் பேசினார்கள். தாதி சிங்களத்தில் சொல்வதை நப்லா அவர்களுக்குத் தமிழில் சொல்வாள், அவர்கள் தமிழில் கேட்பதைச் சிங்களத்தில் சொல்வாள். வேலை முடிந்ததும் கண்ணை மூடிக்கொள்வாள். நான்கு மணி நேரம். இடது கையில் இரண்டு ஊசி.

இயந்திரத்தின் பக்கத்தில் ஓர் அட்டை தொங்கியது. அந்தக் கதிரைக்கு உரிய இருவரின் பெயரும், ஒவ்வொரு முறையும் ஏறிய எடையும். திங்கள், வியாழன்: நப்லா. செவ்வாய், வெள்ளி: கணேஸ். அவனுடைய வரிசையில் நான்கு தசம் ஒன்று, மூன்று தசம் எட்டு, நான்கு தசம் மூன்று என்று இருந்தது. யாரோ சொல்பேச்சுக் கேட்காத கிழவர் என்று அவள் முடிவு செய்திருந்தாள். பொக்கை வாய், வெற்றிலைப் பை, மனைவியைத் திட்டித் திட்டித் தண்ணீர் வாங்கிக் குடிக்கிறவர். அவர் உட்கார்ந்து எழும்பிய கதிரையில் உட்காருவதே அவளுக்குக் கொஞ்சம் அருவருப்பாக இருந்தது.

அன்று கைப்பையில் ஒரு கடிதம் இருந்தது. அரச அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளர் பதவிக்கு நேர்முகப் பரீட்சை. கொழும்பு, காலை ஒன்பது மணி, அடுத்த வாரம் வியாழக்கிழமை. திகதியை மாற்ற முடியாது என்று தொலைபேசியில் சொல்லிவிட்டார்கள். வியாழன் அவளுடைய டயலிசிஸ் நாள்.

மிஸ் கடிதத்தை வாசித்தார். காலியாக ஒரு கதிரையும் ஒரு நாளும் இருப்பதில்லை என்றார். அதே கதிரைக்காரர் ஒத்துக்கொண்டால் அவருடைய வெள்ளியை இவளும் இவளுடைய வியாழனை அவரும் எடுக்கலாம். ஆனால் அப்போது அவர் வியாழனிலிருந்து அடுத்த செவ்வாய் வரை ஐந்து நாள் இருக்க வேண்டும். மூன்று நாளைக்கே நான்கு கிலோவோடு வருகிற ஆளுக்கு ஐந்து நாள் கொடுக்க டொக்டர் சம்மதிக்க மாட்டார். வருகிற வெள்ளியும் அதற்கடுத்த செவ்வாயும் இரண்டரை கிலோவுக்குள் வந்து காட்டட்டும், நான் டொக்டரிடம் பேசுகிறேன் என்றார் மிஸ். பிளாஸ்டர் துண்டொன்றில் தொலைபேசி எண்ணை எழுதி நப்லாவின் கையில் ஒட்டிவிட்டார்.

மாலையில் கட்டுகஸ்தோட்டை வீட்டின் மாடி அறையில், கதவைச் சாத்திக்கொண்டு அழைத்தாள்.

"கணேஸ் ஐயாவா?"

"யாரு பேசுறது?"

"நான் நாலாம் கதிர. திங்கள், வியாழன்."

அந்தப் பக்கம் கிளாஸ்கள் மோதிக்கொண்டன. யாரோ கண்டி, கண்டி என்று கத்தினான். பிறகு ஒரு கதவு சாத்தப்பட்டது.

"அந்த ஒண்ணு தசம் ரெண்டு நீங்கதானா?" என்றது குரல். "பென்சன் எடுத்த டீச்சரம்மான்னுல நெனச்சிருந்தேன்."

"எனக்கு இருவத்திமூணு."

"எனக்கு இருவத்தஞ்சு. பரவால்ல, ஐயான்னே கூப்பிடுங்க. இதுவரைக்கும் ஒருத்தரும் கூப்பிட்டதில்ல."

நாவலப்பிட்டி பஸ் நிலையத்தில், திருச்செல்வம் என்பவரின் தேநீர்க் கடையில் அவனுக்கு வேலை. காலையிலிருந்து இரவு வரை பிளேன்டீ ஊற்றுகிறவன். இதைக் கேட்ட நப்லா, ஒரு நாளைக்கு எத்தனை கிளாஸ் அவன் கையில் ஏறும் என்று எண்ணிப் பார்த்தாள். பிறகு விஷயத்தைச் சொன்னாள். அவன் உடனே சரி என்றான். யோசிக்காமல் சொன்னது அவளுக்குப் பிடிக்கவில்லை. ஐந்து நாள் என்றால் என்னவென்று தெரியுமா என்று கேட்டாள். தெரியும் என்றான். இப்போதே செவ்வாய்க்கு முதல் நாள் இரவு படுக்க முடிவதில்லை, மூச்சு முட்டும், இரண்டு தலையணையை முதுகுக்கு வைத்து உட்கார்ந்தபடிதான் தூங்குகிறான். அப்படியிருந்தும் சரி என்கிறானா என்று கேட்டாள்.

"உங்களுக்கு ஒரு வேல கெடைக்கிற விஷயம்" என்றான். "வேற யாரு மாத்தித் தருவா?"

அன்றிரவே அவள் குரல் செய்தியில் ஏழு விதிகளை அனுப்பினாள். தண்ணீரைக் குறைக்குமுன் உப்பைக் குறைக்க வேண்டும், கருவாடும் வடையும் இல்லை. ஒரு நாளைக்கு உரிய தண்ணீரைக் காலையிலேயே போத்தலில் அளந்துவிட வேண்டும். கிளாஸ் வேண்டாம், இருமலுக்குக் குடிக்கும் பாணி மருந்தை அளக்கும் சின்னக் கோப்பை போதும். நாக்கு வறண்டால் வாயைக் கொப்பளித்துத் துப்ப வேண்டும். இப்படி ஏழு. அவன் ஒரே வரியில் பதில் எழுதினான்: ஹோம்வர்க் கொஞ்சம் கூடிப்போச்சு டீச்சர்.

மறுநாள் செவ்வாய், நான்கு தசம் மூன்று. அது பழைய கணக்கு, சேர்க்கக் கூடாது என்றான். வெள்ளிக்கிழமை காலை ஒரு படம் வந்தது. தராசின் எண்கள், கீழே இரண்டு வெறுங்கால்கள். இடது காலில் இரண்டாம் விரல் பெருவிரலின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. இரண்டு தசம் நான்கு. அடுத்தது நான்கு நாள் இடைவெளி, இதைவிடக் கஷ்டம் என்று அவள் பதில் அனுப்பினாள். ஒரு மாஷா அல்லாஹ் சொன்னா கொறஞ்சா போவீங்க என்று எழுதினான். அந்தப் பாராட்டை அவள் சொல்லவில்லை. ஆனால் அந்தப் படத்தை இரண்டு தடவை திறந்து பார்த்தாள்.

ஞாயிறு பகல் அவன் அழைத்தபோது கீழே வீடு நிறைய ஆட்கள். தங்கை ருஷ்தாவுக்குப் பேசி முடித்த வீட்டார் வந்திருந்தார்கள். உம்மா சாப்பாட்டுத் தட்டொன்றை மேலே கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருந்தாள். அதுதான் வழக்கம். யாரும் கேள்வி கேட்பதில்லை.

தோற்றுவிட்டேன் என்றான் கணேஸ். விடிந்ததிலிருந்து ஏழு டீ. முழுசு இல்லை, ஒவ்வொன்றிலும் பாதி. ட்ரைவர்மார் பழக்கம் அது; பிளேன்டீ கேட்பார்கள், அரைவாசியை இவனுக்கு ஊற்றுவார்கள், நின்று பேசிக் குடித்துவிட்டுப் போவார்கள். வேண்டாம் என்றால் என்ன கோபம் என்பார்கள். அங்கே ஒருவருக்கும் விஷயம் தெரியாது. வாரத்தில் இரண்டு நாள் கண்டிக்குக் கம்பியூட்டர் கோர்ஸ் போகிறான் என்று சொல்லி வைத்திருக்கிறான். இரண்டு வருடமாகியும் பாஸாகாத கோர்ஸ். ஊசித் தழும்புக் கையை மறைக்க வெயிலிலும் நீளக் கைச் சட்டை.

"சொல்லிடுங்க" என்றாள். குரல் அவள் நினைத்ததைவிடக் கடுமையாக வந்தது. அவளுடைய வியாழக்கிழமை அந்த ஏழு கிளாஸில் கரைந்துகொண்டிருந்தது.

"சொன்னா மொதலாளி இன்னைக்கு ஒக்காருன்னுவாரு. நாளைக்கு வீட்டுல போயி ஒக்காருன்னுவாரு." அவன் பஸ் இரைச்சலிலிருந்து விலகி நடந்தான். "நீங்க எப்பிடிங்க இருக்கீங்க? அந்த ஏழு விதிய விடுங்க. நெசமாச் சொல்லுங்க."

நப்லா சாத்திய கதவைப் பார்த்தாள். கீழே எல்லோரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். ஜக்கில் ஐஸ் மோதும் சத்தம் மாடிவரை கேட்டது.

"நான் ஆக்களோட உக்கார்றல்ல" என்றாள். "கதவ சாத்திட்டு உள்ளுக்கு ஈக்கிற. கலியாண வீடு, பெருநாள், ஒண்டுக்கும் போறல்ல. ரெண்டு வருஷம். தண்ணிய காணாட்டி தாகம் வாரல்ல. அவ்ளோதான் என்ட கெட்டித்தனம்."

இதை அவள் உம்மாவிடம் சொன்னதில்லை. தனக்கே இந்தச் சொற்களில் சொல்லிக்கொண்டதில்லை. சொன்ன பிறகு அறை கொஞ்சம் சின்னதாகத் தெரிந்தது.

"அப்ப நீங்களும் கோர்ஸ்லதான் இருக்கீங்க" என்றான் கணேஸ்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

"போன வைப்போம்" என்றான். "நான் கடைக்குள்ள போறேன். நீங்க கீழ போங்க. ராத்திரிக்கு எடுக்குறேன்."

நப்லா மருந்துக் கோப்பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். பேச்சு ஒரு நொடி நின்று மறுபடி தொடங்கியது. ருஷ்தா அசைந்து இடம் விட்டாள். மேசையில் பலூடா ஜக். அதன் வெளிப்பக்கம் வியர்த்து, துளிகள் ஒவ்வொன்றாக இறங்கின. தாகம் இரண்டு வருடம் வாசலில் காத்திருந்தது போல் வந்து ஏறியது. தொண்டை, நாக்கு, காதடி வரைக்கும். அவள் எழும்பவில்லை. மாப்பிள்ளையின் உம்மா பஸீஹா அவளுடைய கோப்பையைப் பார்த்து, இந்த மகளுக்கு மட்டும் ஏன் விளையாட்டுச் சாமான் என்று கேட்டாள். உம்மா அவசரமாக ஏதோ சொல்ல வந்தாள். நப்லா முந்திக்கொண்டு, தன் இரண்டு சிறுநீரகமும் வேலை செய்வதில்லை என்றும், ஒரு நாளைக்கு அளந்துதான் குடிக்கலாம் என்றும், திங்களும் வியாழனும் இயந்திரத்தில் இருப்பதாகவும் சொன்னாள். பஸ் நேரம் சொல்வது போலச் சொன்னாள். பஸீஹா தன் கிளாஸைக் கீழே வைத்தாள். பிறகு பலூடாவைத் தானே எடுத்து அந்தச் சின்னக் கோப்பையில் விளிம்புவரை, ஒரு துளி சிந்தாமல் ஊற்றினாள்.

இரவு கணேஸ் அழைத்தான். திருச்செல்வம் முதலாளி முழுவதையும் கேட்டாராம். சாமிப் படத்துக்கு முன்னால் வைக்கும் சின்னக் கிளாஸை எடுத்து, கழுவி, இனி நீ இதில்தான் குடிக்கலாம், யாராவது வேறு கிளாஸில் ஊற்றிக் கொடுத்தால் அவனுக்கு என் கடையில் டீ இல்லை என்றாராம். ட்ரைவர்மார் அவனை இப்போது கம்பியூட்டர் சார் என்று கூப்பிடுகிறார்கள். கையைத் தொட்டுப் பார்க்க வரிசையில் வந்தார்களாம், ஊசி குத்துவதற்காக அறுவை செய்து இணைத்த நரம்பு மோட்டார் போல் இரைகிறதென்று.

"வீட்டுக்குப் போகச் சொல்லலையா?"

"இல்ல. கோர்ஸ் பீஸ் இவ்வளவு நாளா யாரு கட்டுனான்னு மட்டும் கேட்டாரு."

திங்கட்கிழமை நப்லாவுக்கு ஒன்று தசம் ஒன்பது. மிஸ் தராசைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், எழுதினார். மறுநாள் வந்த படத்தில், அந்த இரண்டு வெறுங்கால்களுக்கு மேலே இரண்டு தசம் ஐந்து. ஒரு கிராம் மிச்சமில்லை. பத்து மணிக்கு மிஸ்ஸிடமிருந்து ஒரு சொல் வந்தது: சரி.

கொழும்பில் மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர் இருந்தார்கள். மொழிபெயர்ப்பு சுலபமாக இருந்தது. கடைசியில், வாரம் முழுவதும் வேலைக்கு வர முடியுமா என்று வழக்கமான கேள்வியைக் கேட்டார்கள். ஆம் என்று சொல்வதற்குத்தான் அவள் கண்டியிலிருந்து பழகிக்கொண்டு வந்திருந்தாள். ஆனால் திங்களும் வியாழனும் காலையில் முடியாது, மற்ற நேரமெல்லாம் மற்றவர்களைவிட நன்றாகச் செய்வேன் என்றாள். இன்று வியாழன் அல்லவா என்றார் நடுவில் இருந்தவர். இன்று என் கதிரையில் வேறொருவர் இருக்கிறார் என்றாள். யார், உறவினரா?  உறவினர் இல்லை. நண்பர் என்றால் இருவரும் ஒரு நாளும் நேரில் பார்த்ததில்லை. மூன்று மொழியிலும் தேடினாள். அந்த மேசையில் அவளுக்குச் சொல் கிடைக்காத இடம் அது ஒன்றுதான். கடிதம் அனுப்புவோம் என்றார்கள்.

பிறகு அவனுடைய ஐந்து நாள். வெள்ளி அவனுக்கு உரிய நேரத்தில் அவள் ஊசி ஏற்றிக்கொண்டாள். சனி மூன்று முறை பேசினார்கள், ஞாயிறு எண்ணவில்லை. பெரிதாக ஒன்றும் பேசுவதில்லை. அவன் சின்னக் கிளாஸை எடுக்கும்போது அவள் கோப்பையை எடுப்பாள். அவ்வளவுதான். திங்கள் இரவு, தலையணை எத்தனை என்று கேட்டாள். ஒன்று என்றான்.

செவ்வாய்க்கிழமை அவளுக்கு டயலிசிஸ் பிரிவில் வேலை இல்லை. இருந்தும் காலையில் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைத் தாண்டும் பஸ்ஸில் இருந்தாள். தராசுக்கு முன்னால் வரிசை. முகங்களை அவளுக்குத் தெரியாது. கீழே பார்த்தாள். மூன்றாவதாக நின்றவன் குனிந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தான். இடது காலில் இரண்டாம் விரல் பெருவிரலின் மேல் ஏறியிருந்தது.

"ஐயா" என்றாள்.

அவன் நிமிர்ந்தான். அவள் நினைத்ததைவிட உயரம். அரைக் கைச் சட்டை. சப்பாத்தை அவளிடம் நீட்டினான். பிறகு குடை, சாப்பாட்டுப் பொதி, போன், சாவிக்கொத்து, இடுப்புப் பட்டி. பாரம் தூக்கக் கூடாத இடது கையை விலக்கி, எல்லாவற்றையும் அவள் வலது கையில் அணைத்துக்கொண்டாள். முறை வந்ததும் அவன் தராசில் ஏறி மூச்சைப் பிடித்தான்.

"மூச்ச விடுங்க" என்றாள். "அதால கொறையிறல்ல."

விட்டான். எண்கள் ஓடி நின்றன. மிஸ் குனிந்து பார்த்து, ஐந்து நாளைக்கு இரண்டு தசம் எட்டு என்று சிங்களத்தில் சொன்னார். வழக்கத்தைவிடச் சத்தமாகச் சொன்னார். கணேஸுக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். ஆனாலும் நப்லா பக்கம் திரும்பினான்.

"மிஸ் என்ன சொல்றாங்க? தமிழ்ல சொல்லுங்களேன்."

"மாஷா அல்லாஹ்" என்றாள் நப்லா.

அவன் இறங்கி உள்ளே போனான். கண்ணாடிக் கதவு ஆடி நின்றது. அதன் வழியே நான்காம் கதிரை தெரிந்தது. அவள் அதில் உட்கார்ந்திருக்கிறாள், அது வெறுமையாக இருக்கப் பார்த்திருக்கிறாள். ஆள் இருக்கும்போது பார்த்ததில்லை. அவன் சாய்ந்து, காலை நீட்டி, இடது கையைத் திருப்பி வைத்தான். வெறுங்கால்கள். சப்பாத்து இன்னும் இவள் கையிலேயே இருந்தது.