மைக்கம்மா முடித்துவைக்காத வாக்கியம்

தொண்டைக்குழியில் இரண்டு விரலை வைத்து, "இங்கதான் விசுத்திச் சக்கரம் இருக்கு. மனசுல இருக்கறது வெளிய வர வாசல் இது. அடைச்சு வைக்காதீங்க" என்று ஊருக்கெல்லாம் சொல்லித்தருகிற யோகா டீச்சருக்கு, சொந்த வீட்டில் ஒரு வாக்கியத்தை முழுசாகச் சொல்லி முடிக்க வாய்த்ததே இல்லை. சிரிப்பு வந்தால் சிரித்துவிட்டு வாருங்கள், மீதியைச் சொல்கிறேன்.

அவளுடைய வகுப்பு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேல்மாடியில் நடந்தது. முனகிக்கொண்டே சுற்றும் ஒரு மின்விசிறி, சுவரோரம் சுருட்டி வைத்த பாய்கள், வாசலில் ஒரு கால் ஆடுகிற செருப்பு ஸ்டாண்டு. வருகிறவர்கள் எல்லாம் வாயைத் திறக்கப் பயந்தவர்கள். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் ஒருவர், முதலாளியிடம் லீவு கேட்கப் பயந்து காய்ச்சலோடு நின்று மற்றவர்களுக்குக் காய்ச்சல் மாத்திரை எடுத்துக் கொடுப்பார். டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டச் சொல்லித்தரும் பெண் ஒருத்தி, எதிரே சுவர் வந்தாலும் "பிரேக்" என்று சொல்ல யோசிப்பாள். சொன்னால் பழகுகிறவர் மனசு புண்பட்டுவிடுமாம்.

முதலில் மூச்சு. பிறகு "ஹம்" என்று தொண்டை அதிர ஒரு நீண்ட ஒலி. கடைசியில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து, கண்ணை மூடி, தொண்டைக்குழியில் விரல் வைத்து, இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றை ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். அதற்கு டீச்சர் ஒரு விதி போட்டிருந்தாள். ஒருவர் பேசும்போது குறுக்கே பேசக் கூடாது. அவர் திணறினாலும் வார்த்தை எடுத்துக் கொடுக்கக் கூடாது. அவர் முடித்ததும் ஆறுதல், புத்திமதி ஒன்றும் வேண்டாம், எல்லோரும் சேர்ந்து ஒரு "ஹம்", அவ்வளவுதான். இந்த விதியை எந்த ஆசிரமத்திலும் அவள் கற்கவில்லை. வீட்டில் கிடைக்காததை மாடியில் விதியாக்கி வைத்திருந்தாள்.

வீட்டில் யார் தடுத்தார்கள் என்றால், மாமியார். கெட்டவரா என்றால் அதுதான் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் கதை எப்போதோ முடிந்திருக்கும். பேருந்து நிலையத்தில் எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது என்று மைக்கில் சொல்லிச் சொல்லியே ஓய்வு பெற்றவர். குடியிருப்பு முழுக்க அவருக்கு மைக்கம்மா என்றுதான் பெயர். வேலை போனாலும் குரல் போகவில்லை. விடிந்ததும் பால் வந்ததை அறிவிப்பார், பிறகு தண்ணீர் வந்ததை அறிவிப்பார், மகன் குளித்து முடித்ததைக்கூட அறிவிப்பார். மருமகளைத் தாங்கு தாங்கென்று தாங்குவார். ஒரே ஒரு பழக்கம், அவள் எதையாவது சொல்ல ஆரம்பித்தால் மீதியை அவரே சொல்லி முடித்துவிடுவார். பெரும்பாலும் தப்பாக.

டீச்சருக்குத் தனிக்குடித்தனம் போக ஆசை. ஊரின் மறுகோடியில் ஒரு வீடு பார்த்தாயிற்று. முன்பக்கம் பெரிய அறை, காலை வகுப்பை அங்கேயே வைத்துக்கொள்ளலாம். அதைவிட முக்கியம், விடிந்தால் அங்கே ஒரு சத்தமும் இருக்காது. இங்கே அவள் தன் பயிற்சியைக் குளியலறைக்குள் குழாயைத் திறந்துவிட்டுத்தான் செய்கிறாள். அந்த வீட்டின் சொந்தக்காரர் மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை வரை டைம் கொடுத்திருந்தார். அதற்குள் வருகிறோம் என்று சொல்லாவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்.

கணவனிடம் சொல்லச் சொன்னாள். அந்த அருமை மகன், "நீயே சொல்லேன். தொண்டைக்கு டீச்சர் நீயா நானா?" என்று கேட்டுவிட்டுப் போர்வையை இழுத்துக்கொண்டான்.

அவளும் முயன்று பார்த்தாள். "அத்தை, நாங்க ஒரு வீடு பாத்து..." என்று ஆரம்பித்தாள். எதிர்வீட்டுக்குப் புதிதாக அடித்த பெயிண்டைத்தானே சொல்கிறாய், நானும் பார்த்தேன், கண்ணே கூசுகிறது என்றார் மைக்கம்மா. ஆமாம் அத்தை என்று தலையை ஆட்டிவிட்டு வந்தாள். இன்னொரு நாள், "அத்தை, அடுத்த வாரம் நாங்க ரெண்டு பேரும்..." என்றாள். வெளியே சாப்பிடப் போகிறீர்கள், அதானே, தாராளமாகப் போங்கள், எனக்கு நானே ஏதாவது செய்துகொள்கிறேன் என்றார் அவர். சொன்ன பாவத்துக்கு அடுத்த வாரம் இருவரும் ஹோட்டலுக்குப் போய், பசியே இல்லாமல் சாப்பிட்டுவிட்டு வந்தார்கள்.

இப்படி இருக்கும்போதுதான் மைக்கம்மாவுக்குத் தொண்டை கட்டியது. டாக்டர் கொஞ்ச நாள் பேசாமல் இருக்கச் சொன்னார். வேறு ஏதாவது சொல்லுங்கள் டாக்டர் என்று கேட்டுவிட்டு வந்தாராம். மாடிப்படியில் யாரோ, உங்கள் மருமகள்தானே தொண்டைக்குக் கிளாஸ் எடுக்கிறாள் என்று கிளப்பிவிட்டார்கள். அந்த ஞாயிறுக்கு முந்தின வெள்ளிக்கிழமை சாயங்காலம் பிளாஸ்கில் வெந்நீரும் தோளில் துண்டுமாக வகுப்பு வாசலில் வந்து நின்றார் மைக்கம்மா. ஆவி பிடிக்கிற இடம் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது.

டீச்சர் வாசலுக்கு ஓடினாள். வேறு நாள் வரச்சொல்லலாம் என்று வாயைத் திறப்பதற்குள், நான் டீச்சரோட மாமியார் என்று கரகரத்த குரலில் அவர் எல்லோருக்கும் அறிவித்துவிட்டு, ஒரு பாயை விரித்து உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தவர் கண்ணும் கருத்துமாகக் கற்றுக்கொண்டார் என்பதையும் சொல்ல வேண்டும். நிமிர்ந்து உட்காரச் சொன்னால் நிமிர்ந்தார். வீட்டில் கரண்டியை எங்கே வைப்பது என்று மருமகளுக்குச் சொல்கிறவர், இங்கே நாக்கை எங்கே வைப்பது என்று மருமகளைக் கேட்டார்.

வட்டமாக உட்காரும் நேரம் வந்தது. டீச்சர் விதியைச் சொன்னாள். மருந்துக்கடைக்காரர் ஏதோ சொன்னார், டிரைவிங் பெண் ஏதோ சொன்னாள், ஒவ்வொருவருக்கும் ஒரு "ஹம்" ஆயிற்று. மைக்கம்மாவின் முறை வந்தபோது, அவர் தொண்டை வலியைப் பற்றித்தான் பேசப்போகிறார் என்று டீச்சர் நினைத்தாள்.

"வேலையில இருந்தப்போ நான் பேசினா பஸ் ஸ்டாண்டே கேக்கும்" என்று ஆரம்பித்தார் அவர். "ஆனா ஒருத்தர்கூட திரும்பிப் பதில் சொன்னதில்ல. மைக்குக்கு யாரு பதில் சொல்வாங்க? வீட்டுக்கு வந்தா எங்க வீட்டுக்காரர் இருந்தார். நான் ஒண்ணு சொன்னா அவர் ஒண்ணு சொல்வார். அவர் போனதுக்கப்புறம்..."

நின்றுவிட்டார். டிரைவிங் பெண் உதவிக்கு வாயைத் திறந்தாள். டீச்சர் அவள் கையைத் தொட்டு நிறுத்தினாள்.

"அவர் போனதுக்கப்புறம் சத்தமில்லாத வீடுன்னா எனக்கு பயம். என் மருமக 'அத்தை'ன்னு ஆரம்பிச்சாலே நான் முந்திக்கறேன். அவ என்ன சொல்ல வர்றான்னு எனக்குத் தெரியும். ரெண்டு பேரும் உள்ள உக்காந்து குசுகுசுன்னு பேசறது காதுல விழாதா? அதை அவ சொல்லிடக் கூடாதுன்னுதான் நடுவுல புகுந்து வேற எதையாவது சொல்லி முடிச்சிடறேன். எல்லாம் தெரிஞ்சேதான் பண்றேன். அவ்வளவுதான்."

எல்லோரும் "ஹம்" என்றார்கள். டீச்சருக்கு மட்டும் ஒலி எழும்பவில்லை. முதலில் கோபம்தான் வந்தது. அந்தப் பெயிண்ட், அந்த ஹோட்டல் சாப்பாடு எல்லாம் நடிப்பா? கோபம் ஆறுவதற்குள் பரிதாபம் வந்து உட்கார்ந்துகொண்டது. கண்ணை மூடியிருந்த அந்த முகத்தைப் பார்க்க அவளுக்குத் தாங்கவில்லை. வீட்டின் சொந்தக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிடலாம், குழாயைத் திறந்துவிட்டு இன்னும் சில வருஷம் ஓட்டிவிடலாம் என்று முடிவே செய்துவிட்டாள். எப்போதும்போல் வகுப்பை முடிக்கிற வார்த்தைகளைச் சொல்ல ஆரம்பித்தாள்.

"டீச்சர் சொல்லலியே?" என்றார் மைக்கம்மா.

டீச்சர் சொல்கிற வழக்கம் இல்லை என்று மருந்துக்கடைக்காரர் விளக்கினார்.

"ஏன், டீச்சருக்குத் தொண்டை இல்லையா?" என்று கேட்டார் மைக்கம்மா. கேலி இல்லை. கண்ணைத் திறக்கவும் இல்லை. விரல்கள் தொண்டைக்குழியிலேயே இருந்தன. "சொல்லும்மா. இங்க நான் குறுக்க வர முடியாது. அதான் விதியாச்சே."

டீச்சர் தன் தொண்டையில் விரலை வைத்தாள். எத்தனையோ பேரை வைக்கச் சொன்ன இடம் அது. உள்ளே எச்சில் இறங்குவது விரலுக்குத் தெரிந்தது.

"அத்தை, நாங்க ஒரு வீடு..." என்று ஆரம்பித்து, பழக்க தோஷத்தால் நிறுத்தினாள். வழக்கமாக அந்த இடத்தில் மாமியாரின் குரல் வரும். வரவில்லை. மைக்கம்மாவின் உதடு மட்டும் ஒருமுறை அசைந்து அடங்கியது. இனி மீதி அவள் பொறுப்பு.

"நாங்க ஒரு வீடு பாத்திருக்கோம். ஊருக்கு அந்தக் கோடியில. எனக்கு அங்க போய் இருக்கணும்னு ஆசை. நீங்க ஒரு குறையும் வைக்கல. உங்களைப் பிடிக்காம போகல. காலையில எழுந்தா என் குரல் எனக்குக் கேக்கணும், அதுக்குத்தான். உங்க பிள்ளை சொல்வார்னு பாத்தேன், சொல்லல. நீங்க பயப்படறீங்கன்னு இப்பதான் தெரியும். தெரிஞ்சும் சொல்றேன் அத்தை. எனக்குப் போகணும்."

சொல்லி முடித்ததும் தொண்டையிலிருந்து விரலை எடுத்தாள். அழுகை வரும் என்று நினைத்தாள், வரவில்லை. அப்பாடா என்றுதான் இருந்தது.

விதிப்படி எல்லோரும் மூச்சை இழுத்தார்கள். "ஹம்" எழுந்தது. அதில் மைக்கம்மாவின் குரல் இல்லை. மற்றவர்கள் பாதிக்கு வந்தபோது கரகரவென்று அது புறப்பட்டது. ஒவ்வொருவராக மூச்சு தீர்ந்து நின்ற பிறகும், மைக் பிடித்துப் பழகிய அந்த மூச்சு தனியாகப் போய்க்கொண்டே இருந்தது. நிற்கிறவரை யாரும் அசையவில்லை.

வீடு திரும்பும் வழியில் மைக்கம்மா பிளாஸ்கைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். பழக்கடைக்காரன், என்ன மைக்கம்மா, கரண்ட் போயிடுச்சா என்று கேட்டதற்குக்கூடப் பதில் இல்லை. பின்னால் நடந்த டீச்சர், திட்டினாலாவது தேவலை என்று நினைத்தாள்.

வீட்டில் மகன் சோபாவில் காலை நீட்டிக்கொண்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தான். மைக்கம்மா டிவியை அணைத்துவிட்டு அவன் எதிரே உட்கார்ந்தார். வீடு பார்த்திருக்கிறீர்களாமே என்றார். யார் சொன்னது என்று அவன் மென்று முழுங்கினான். மனைவியின் முகத்தைப் பார்த்ததும் திருதிருவென்று முழித்தான்.

"எனக்கு அவமேல கோவம் இருக்கு" என்றார் மைக்கம்மா. "அது ரெண்டு நாள்ல போயிடும். உன்மேல இருக்கறது அவ்வளவு சீக்கிரம் போகாது. பொண்டாட்டி தொண்டையை வாடகைக்கு எடுத்துக்கிட்டு நீ பாட்டுக்குப் படுத்துக்கிட்டே. போனை எடு. அந்த வீட்டுக்காரருக்கு நீயே பேசு. வரோம்னு சொல்லு. நான் கேக்கணும்."

அவன் போனை எடுத்தான். இரண்டுமுறை தொண்டையைக் கனைத்துக்கொண்டு, வருகிறோம் சார் என்றான். சத்தமா என்றார் அம்மா. அவன் இன்னொருமுறை சத்தமாகச் சொன்னான். எதிர்முனையில் அவர் என்ன நினைத்தாரோ.

மைக்கம்மா எழுந்து தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சாப்பிடக் கூப்பிட்டதற்கு வேண்டாம் என்று உள்ளிருந்தே சொல்லிவிட்டார். டீச்சருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சொன்னது தப்பு என்று தோன்றவில்லை. இருந்தாலும் வலித்தது.

காலையில் கண்விழித்தபோது வீடு கம்மென்று இருந்தது. பால் வந்ததை யாரும் அறிவிக்கவில்லை. குழாயில் தண்ணீர் வந்து பாத்திரத்தில் விழும் சத்தம் மட்டும் கேட்டது. இந்த அமைதிக்குத்தான் இத்தனை ஆசைப்பட்டாள். இப்போது அதைக் கேட்டதும் அடித்துப்பிடித்து எழுந்து சமையலறைக்கு ஓடினாள்.

மைக்கம்மா வெந்நீர் தம்ளரைப் பிடித்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். கண் வீங்கியிருந்தது.

"அத்தை..." என்றாள் டீச்சர்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். வாயைத் திறக்கவில்லை. மீதிக்காகக் காத்திருந்தார். டீச்சருக்கோ மீதி ஒன்றுமே இல்லை. இத்தனை வருஷமும் ஆரம்பித்தால் போதும், முடிக்க வேண்டிய வேலை வந்ததில்லை. அவள் நின்றாள். அவரும் பொறுமையாக உட்கார்ந்திருந்தார்.

"ஒண்ணுமில்ல அத்தை. சும்மா கூப்பிட்டேன்."

மைக்கம்மா தம்ளரைக் கீழே வைத்தார். "உங்க புது வீட்டுப் பக்கம் போற பஸ்ஸெல்லாம் நாலாம் மேடையில நிக்கும். எனக்குத் தெரியாத வழி இல்ல" என்றார். குரல் உடைந்தது. சரிசெய்துகொண்டு மேலே சொன்னார். "அங்க போனாலும் இப்படியே கூப்பிடு. ஒண்ணுமில்லன்னாலும் கூப்பிடு."

டீச்சர் தலையாட்டப் போனாள். பிறகு வாயைத் திறந்து, "கூப்பிடறேன் அத்தை" என்று முழுசாகச் சொன்னாள்.

மைக்கம்மா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். கட்டிய தொண்டையோடு, பால் வந்து அரை மணி நேரமாகிறது என்று வீட்டுக்கு அறிவித்தார்.