ஆடி முடியட்டும்

ஆஸ்பத்திரியில் ஏழு மணிக்கு டோக்கன் வாங்கியவர்களைப் பதினொன்றரைக்குத்தான் கூப்பிட்டார்கள். அதற்குள் பெஞ்சிலிருந்த பெண்கள் நாகவல்லியை அடையாளம் கண்டுகொண்டார்கள். "ஒரு வரி பாடுக்கா" என்றாள் ஒருத்தி. நாகவல்லி தொண்டையைத் தொட்டுக் காட்டிச் சிரித்து வைத்தாள். ஆடி மாதத்தில் அம்பத்தூரிலிருந்து பூந்தமல்லிவரை எந்த அம்மன் கோயில் கச்சேரியானாலும் போஸ்டரில் அவள் முகம்தான். பக்கத்திலிருந்த கணவன் உத்தமன் அதே குழுவில் டிரம்ஸ் வாசிப்பவன்.

டாக்டர் பழைய சீட்டைப் புரட்டினார். "சித்திரையிலேயே சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினேன். உடனே வாங்கன்னு ரெண்டு லெட்டர் போட்டேன். அப்பவே வந்திருந்தா கரண்ட் வச்சுக் கட்டியைக் கரைச்சுக் குரலைக் காப்பாத்தியிருக்கலாம். இப்ப குரல்வளையையே எடுக்கணும்மா."

எந்த லெட்டர் என்று கேட்க வாய் திறந்தாள். காற்றுதான் வந்தது.

அவள் கொடுத்திருந்தது மேனேஜர் உலகநாதன் வீட்டு விலாசம். எங்கே கேட்டாலும் அதைத்தான் கொடுப்பாள். வாடகை வீடு மாறிக்கொண்டே இருந்தது. ரசிகர்கள் எழுதுவதும் அங்கேதான் வரும். அவர் படித்துவிட்டு வேண்டியதை மட்டும் தருவார். பதினாறு வயதில் அவளை மேடையேற்றியவர். என்ன நிறப் புடவை, யாரிடம் எவ்வளவு பேச்சு, எல்லாம் அவர் சொல்தான். கல்யாணத்தையும் கச்சேரி இல்லாத மாதமாகப் பார்த்து அவரே வைத்தார். பிள்ளையைப் பிறகு பார்த்துக்கலாம் என்றார். ஒன்பது வருடமாகிறது.

வாசலில் வேனோடு நின்றிருந்தார் உலகநாதன்.

"லெட்டர் வந்துச்சா அண்ணாத்தே?" என்றான் உத்தமன்.

"வந்துச்சு. இல்லன்னா சொன்னேன்? ஊட்ல பத்திரமா கீது. சொன்னா பயந்துக்கும், பயந்தா சுருதி நிக்காது. ஆடி முடியட்டும்னு வச்சிருந்தேன்."

"கொரலையே எடுக்கணும்ன்றாரு."

உலகநாதன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "எடுக்கலாம். நானே கூட்டிகினு வரேன். இன்னிக்கு மேனாம்பேட்டுல கச்சேரி. பந்தல் போட்டாச்சு, தட்டிப்பூடுச்சுன்னா ஊர்க்காரன் வுடுவானா? அது பாட வோணாம் நைனா. போன வருசக் கேசட்டு கீது. நின்னுகினு வாயை அசைச்சா போதும்."

நாகவல்லி உத்தமனைப் பார்த்தாள். அவன் வேன் கதவைத் திறந்து பிடித்தான்.

சாயங்காலம் மேனாம்பேட்டில் தெரு நிறையக் கூட்டம். இரண்டாம் பாட்டின் நடுவில் அவளுக்கு இருமல் வந்தது. மைக்கை விட்டுவிட்டு முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குனிந்தாள். ஓரத்திலிருந்த உலகநாதன் கையைக் காட்ட, லைட்காரன் வெளிச்சத்தை அவள்மேலிருந்து எடுத்து உத்தமன்மேல் திருப்பினான். உத்தமன் நிமிர்ந்து, தாளம் தப்பாமல் அடித்தான். ஒலிபெருக்கியில் அவள் குரல் பிசிறில்லாமல் மேலே ஏறி அங்கேயே நின்றது. கூட்டம் விசிலடித்தது.